பூந்தமல்லியில் ஒரு சொம்பு புது எண்ணெய்

சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னதும் மலேசியாவில், ஜொகூரில் எனக்குத் தெரிந்த அத்தனை பெண்களும் புடவைப் பட்டியல் கொடுத்தார்கள். நான் போனது பழைய எண்ணெய் பார்க்க. வடை சுட்ட எண்ணெய், மீன் வறுத்த எண்ணெய், நாலு நாள் பஜ்ஜி போட்டுக் கறுத்துப்போன எண்ணெய். அதை முகர்ந்து பார்த்து, கேள்வி கேட்டு, படிவம் நிரப்பி, இவரிடம் வாங்கலாம், இவரிடம் வாங்கக்கூடாது என்று எழுதுவது என் உத்தியோகம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே 'கம்பெனி வேலை' என்று சொல்லிவிட்டு ஐந்து புடவைக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஆலை, சமைத்துக் கழித்த எண்ணெயை விமான எரிபொருளாக மாற்றுகிறது. மாற்றும்போது கரியமிலவாயு கிளம்பும். அதைப் புகைபோக்கி வழியாக விடாமல் பிடித்து, அழுத்தி, கடலுக்கடியில் தீர்ந்துபோன எரிவாயுக் கிணறு ஒன்றில் புதைப்பதாக ஏற்பாடு. எண்ணெய் மரத்திலிருந்து வந்தது. மரம் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொண்டது. அதில் ஒரு பங்கைப் பூமிக்குள் தள்ளிவிட்டால், விமானம் பறக்கப் பறக்கக் காற்று சுத்தமாகும் என்பது எங்கள் விளம்பரம். 'பூஜ்யத்துக்கும் கீழே' என்று ஆலை வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

விஷயம் பொய்யில்லை. செலவுதான் இடிக்கிறது. வாயுவைப் பிடிக்கிற இயந்திரத்துக்கு நீராவி வேண்டும், அழுத்துகிற இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும், இரண்டுக்கும் எதையாவது எரித்தாக வேண்டும். எல்லாம் சேர்ந்து எரிபொருளின் விலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த விலைக்கும் வாங்க ஐரோப்பாவில் ஆள் இருக்கிறார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. எண்ணெய் உண்மையாகவே கழிவாக இருக்க வேண்டும். புதுப் பாமாயிலை ஊற்றினால் அதற்காக அழித்த காட்டின் பாவமும் கூடவே வந்து சேரும். அப்புறம் எவ்வளவு வாயுவைப் பிடித்துப் புதைத்தாலும் அந்தக் காட்டுக்கு ஈடாகாது.

இதை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படி அழித்த ஒரு காட்டின் மேல்தான் நான் பிறந்தேன். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் அப்பா குலை வெட்டினார், அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கினார். எங்கள் வீட்டில் எல்லோருடைய நகமும் ஆரஞ்சு நிறமாக இருக்கும்.

முதல் நாள் கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்து விடுதியில் இறங்கினேன். ஏரி பெரிதுதான். ஆனால் அதைப் பார்க்கிற மாதிரி ஒரு ஜன்னல் வைக்க வேண்டும் என்று விடுதி கட்டியவருக்குத் தோன்றவில்லை. என் ஜன்னல் வழியாகப் பக்கத்துக் குடியிருப்பின் துணிக்கொடி தெரிந்தது. அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஒருவர் பால்கனியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

காலைச் சாப்பாட்டுக்குப் பரோட்டா கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரோட்டா சாய்ங்காலந்தாம்மா" என்றார். எங்கள் ஊரில் விடிந்ததும் ரொட்டி சானாய் என்ற பெயரில் பரோட்டா தட்டில் விழும். இட்லியை வாங்கிச் சாப்பிட்டேன். இட்லி நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேநீர் மட்டும் இரண்டு வாய்க்குத்தான் காணும் கோப்பையில் வந்தது. இவ்வளவு பெரிய ஊரில் இவ்வளவு சின்னக் கோப்பை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று வெறுமனே வழி பார்த்துவைப்பதாகத் திட்டம். ஆட்டோ ஓட்டுநர் செல்வம் விடுதி வாசலில் கிடைத்தார். பூந்தமல்லிப் பேருந்து நிலையம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினார். மெட்ரோ தூண்கள் வந்தன, லாரிகள் வந்தன, பிறகு தூண்களும் போய் வெறும் வெயில் வந்தது. கடைசியில் பிரம்மாண்டமான ஒரு கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார்.

"இன்னா மேடம், எறங்கலியா? புது பஸ் ஸ்டாண்டு."

"இது பூந்தமல்லியா?"

"குத்தம்பாக்கம். பூந்தமல்லிய அப்பவே தாண்டிக்கினோம். வெளிநாட்டுலேர்ந்து வந்துகீறீங்கோ, புச்சா கட்ன ஸ்டாண்டத்தான் கேக்கறீங்கோன்னு நெனச்சேன்."

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மனிதர் அதை எனக்குக் காட்டுவதில் பெருமைப்பட்டார். திரும்பும் வழியில் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பஜ்ஜி சுட்ட எண்ணெயில பிளேன் ஓடுதா? அப்போ எங்க தெருவுல கீற பஜ்ஜிக் கடக்காரன் ஏர்போர்ட்டே கட்டலாம் மேடம்" என்றார். மூன்று நாள் அதையே சொல்லிச் சிரித்தார்.

இரண்டாம் நாள் அம்பத்தூர். தொழிற்பேட்டைக்குள் ஒரு கிடங்கு. அதன் உரிமையாளர் கார்த்திக், ஈரோட்டுக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு 'பூமிக்கு ஏதாவது செய்ய வேண்டும்' என்று இதில் இறங்கியதாகச் சொன்னார். குளிரூட்டிய அறை, பீங்கான் கோப்பையில் காபி, முந்திரி பிஸ்கட். சுவரில் பெரிய திரை. எந்தக் கடையில், எந்த நிமிடத்தில், எத்தனை கிலோ எடுத்தார்கள் என்பது பச்சைப் புள்ளிகளாக மின்னியது. ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் கடைக்காரர் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வரும்.

"எல்லாமே ட்ராக் ஆகுதுங்க மேடம். ஒரு சொட்டு தப்பாதுங்க."

என் படிவத்தில் நாற்பது கேள்விகள். நாற்பதுக்கும் அவரிடம் தாள் இருந்தது. இருபது வருடத்தில் இப்படி ஒரு கோப்பு என் கண்ணில் பட்டதில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பஜ்ஜிக் கடைக்காரர்களை வைத்துத் தொழில் செய்கிற யாருக்கும் நாற்பது கேள்விக்கும் தாள் இருக்காது.

பிறகு கிடங்குக்குள் போய் டிரம்களைத் திறந்தோம். பழைய எண்ணெய் எதில் சுட்டதோ அதன் நாற்றத்தை விடாது. வெங்காயம், மீன், மசாலா, கருகிய கடலை மாவு எல்லாம் மூக்கில் குத்தும். இந்த எண்ணெய் கறுத்திருந்தது, கெட்டியாக இருந்தது, சோதனைக் குச்சியும் பழையது என்றே நிறம் காட்டியது. நாற்றம் மட்டும் இல்லை. சூடு பட்ட வாசனை, அவ்வளவுதான். ஒரு வடைகூட இதில் முங்கி எழுந்திருக்கவில்லை.

கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிப் பின்பக்கம் நடந்தேன். தகரக் கொட்டகைக்குள் எட்டு அடுப்பு, எட்டு அண்டா. வடக்கத்தி ஆள் ஒருவர் நீளக் கரண்டியால் வெறும் எண்ணெயைக் கிளறிக்கொண்டிருந்தார். மூலையில் பாமாயில் டின்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேலே எங்கள் ஊர்த் துறைமுகத்தின் பெயர். விமானத்துக்கு ஊற்றப்படும் எண்ணெய்க்கு அனுமதி கொடுக்க நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன், எண்ணெய் எனக்கு முன்னாலேயே கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. புதுசைப் பழசாக்குவதுதான் பூமிக்கு அவர் செய்யும் சேவை.

கார்த்திக் பின்னாலேயே வந்துவிட்டார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"இது வேற டிவிஷன் மேடம். ஸ்நாக்ஸ் போடலாம்னு ஒரு ஐடியா. டிரையல் போய்க்கிட்டு இருக்குங்க."

"ஸ்நாக்ஸ் எங்கே?"

"மாவு இன்னும் வரலைங்க."

அன்று மாலை என் மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பழகுவதற்கு இனிமையான மனிதர், யார் பிறந்தநாளையும் மறக்காதவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாதிரி எண்ணெய் சோதனையில் தேறியதா என்று கேட்டார். தேறியது என்றேன். தாள்கள் சரியா என்றார். சரி என்றேன். "அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஒரு மூக்கு மட்டும்தான். மூக்கைக் கோப்பில் இணைக்க முடியாது" என்றார். அண்டாக்களைப் பற்றிச் சொன்னேன். வேறு தொழிலின் இயந்திரங்களைப் பரிசோதிக்க நமக்கு அதிகாரமில்லை என்றார்.

எனக்கு விளங்கியது. வாயு பிடிக்கும் இயந்திரத்தைக் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அதன் செலவைத் தூக்குவதற்கு மாதாமாதம் கப்பல் நிறைய எண்ணெய் வேண்டும். பஜ்ஜிக் கடைகளில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் அவ்வளவு வராது. அண்டாக்களில் வரும். பிடிப்பதன் செலவு ஏற ஏற, என்ன எண்ணெய் என்று பார்க்கும் கண் மங்கிக்கொண்டே போகிறது. இதை எந்த மாநாட்டிலும் யாரும் திரையில் போட்டுக் காட்டமாட்டார்கள்.

மூன்றாம் நாள் பூந்தமல்லி. இந்த முறை செல்வம் சரியாகக் கொண்டுபோய் விட்டார். சந்துக்குள் ஒரு ஓட்டுக் கொட்டகை. வாசலில் குட்டியானை வண்டி. மெஹருன்னிசாவும் அவர் கணவர் யூசுப்பும் ஆறு வருடமாக எங்களுக்கு எண்ணெய் தருகிறார்கள். ஒரு இடைத்தரகர் மூலம் போய்க்கொண்டிருந்தது, இப்போது நேரடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றால் நான் வந்து பார்த்து எழுத வேண்டும். என் தாள் சரியென்றால் பட்டியலில் இருப்பார்கள். இல்லையென்றால் அடியோடு வெளியே.

மெஹருக்கு நாற்பது வயது இருக்கலாம். குரலில் கட்டளையும் சிரிப்பும் ஒன்றாகவே வரும். நான்கு பெண்கள் அவரோடு வேலை செய்கிறார்கள். காலையில் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்குப்பாத்திரத்தோடு கிளம்பி, ஆவடி சேக்காடு வரை கடை கடையாகப் போய் எண்ணெய் எடுத்து வருவார்கள். பெரிய உணவகங்களுக்கு மட்டும் யூசுப் வண்டியில் போவார்.

டிரம்மைத் திறந்தேன். நாற்றம் அடித்துத் தள்ளியது. இறால், கோழி, மிளகாய் பஜ்ஜி, எல்லாம். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"முன்னாடி இந்தப் பெரிய ஓட்டலுங்க எண்ணெயெல்லாம் தள்ளுவண்டிக்காரனுக்குத்தாம்மா போவும்" என்றார் மெஹர். "அவன் அதுலயே இன்னும் நாலு நாள் சுட்டு ஸ்கூல் வாசல்ல விப்பான். எங்க பெரியவனுக்கு அதச் சாப்ட்டுத்தான் வயித்துல புண்ணு. அதுக்கப்புறந்தான் இந்த வேலைய எடுத்தேன். அந்த வண்டிக்காரனுக்குக் கெடைக்காம நான் மொதல்ல போயி எடுத்துக்கினு வந்துடுவேன்."

பிடித்த வாயுவைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். உண்மையா என்று விசாரித்தார். செடி, காற்று, கரி, கடலடி என்று நான் வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நாங்க எடுத்துக் குடுக்கறது கடலுக்கு அடியில போயி ஒக்காந்துக்குமா?"

"எல்லாம் இல்லை. ஒரு பங்கு. அதற்கும் குழாய் போட்டு முடிக்க வேண்டும். இன்னும் முடியவில்லை."

"அதுவரைக்கும் புடிச்சத எங்க வெச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்வியை எங்களைப் பார்க்க வந்த எந்த முதலீட்டாளரும் கேட்டதில்லை. சோடா கம்பெனிக்கு விற்கிறோம் என்று சொன்னேன். குளிர்பானத்தில் குமிழ் விடுவதற்கு.

மெஹர் ஒரு நிமிடம் யோசித்தார். "குடிச்சா ஏப்பமா வெளிய வந்துடுமேம்மா."

"வந்துவிடும்."

"அதயும் எழுதுவீங்களா உங்க தாள்ல?"

அவர் குத்திக்காட்டவில்லை. எழுதுவேனா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தண்ணீர் வேண்டும் என்றேன்.

மதியம் சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்தார்கள். நெய்ச்சோறு, தால்ச்சா, எனக்காகப் பொரித்த கத்திரிக்காய். மலாயில் சோற்றுக்கு நாசி என்று பெயர். எங்கள் ஊர் நாசி பிரியாணியைப் பற்றி நான் பெருமையடித்தது எல்லாம் அந்தத் தால்ச்சாவின் முன்னால் அடங்கிப்போனது. மூன்று முறை போட்டுக்கொண்டேன். வேலைக்குப் போன இடத்தில் சாப்பிடக்கூடாது என்பது எங்கள் விதி. அதை மீறாமல் இருந்திருந்தால் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பியிருப்பேன், மற்றதைப் பார்த்திருக்கமாட்டேன்.

கை கழுவ வெளியே வந்தபோது மெஹர் டிரம்களை மூடிக்கொண்டிருந்தார். மூடும் முன் உள்ளேயிருந்து ஒரு பாமாயில் பாக்கெட்டை எடுத்து வந்து பல்லால் கடித்துக் கிழித்து ஒரு சொம்பில் ஊற்றினார். நியாயவிலைக் கடையில் அட்டைக்குக் கொடுக்கும் பாக்கெட். சொம்பை அப்படியே டிரம்மில் கவிழ்த்தார்.

ஈரக் கையைத் துடைக்காமலே அருகில் போனேன். "இது என்ன?"

"கொசுறும்மா."

"எதற்கு?"

"நாங்க வடிகட்டித்தான் ஊத்துறோம். இருந்தாலும் கப்பல்ல போறதுக்குள்ள அடியில கசடு எறங்கிடும் இல்ல? வாங்கறவங்களுக்கு அந்தளவு நஷ்டம். அதான் டிரம்முக்கு ஒரு சொம்பு நல்ல சரக்கா மேல ஊத்திடறது. எங்க மாமியார் பால் யாவாரம் பண்ணாங்க, அளந்ததுக்கு மேல ஒரு கை ஊத்தாம எவளயும் அனுப்பினதில்ல. எடை சரியா இருக்கணும், அதுக்கு மேல கையும் தாராளமா இருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நாங்க ஊட்ல கடல எண்ணெதாம்மா சாப்புடறோம். குடும்பத்துல அத்தன அட்டைக்கும் வர்றது இதுக்குத்தான். வெளியில வாங்கி ஊத்தினா கட்டாது."

ஆறு வருடமாகவா என்று கேட்டேன். ஆறு வருடமாக என்று பெருமையாகச் சொன்னார்.

என் படிவத்தில் பதினான்காவது கேள்வி: புதிய எண்ணெய் எந்த அளவிலாவது சேர்க்கப்படுகிறதா? அளவு எவ்வளவு, ஏன், யாருடைய செலவில் என்று கேட்பதற்கு அங்கே கட்டம் இல்லை. ஆம், இல்லை, அவ்வளவுதான். ஆம் என்றால் மேலே படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

யூசுப் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பாம்மா?" என்று கேட்டார். "சும்மா குடுக்கறதுதானே" என்றார் மெஹர் அவரிடம், சும்மா கொடுப்பது எப்படித் தப்பாகும் என்பதுபோல. நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அது எந்த நாட்டிலும் அதிகாரிகள் சொல்லும் பேடித்தனமான வாக்கியம்.

நான்காம் நாள் சேக்காட்டுக்குப் போனேன். மெஹரின் பெண்களில் ஒருத்தி எண்ணெய் எடுக்கும் கடைகளை நேரில் பார்ப்பதும் வேலையில் சேர்த்திதான். பட்டியலில் இருந்த பதினொரு கடைகளும் இருந்தன. பதினொன்றிலும் மெஹரின் பெயரைச் சொன்னதும் நாற்காலி போட்டார்கள். பட்டியலில் இல்லாத ஒரு தள்ளுவண்டிக்காரர் மட்டும், அவர் பெயரைக் கேட்டதும் சீறினார்.

"அந்தம்மாவால எங்க பொழப்பே நாறிப்போச்சு. முன்ன ஓட்டல் எண்ணெ சல்லிசா கெடச்சிக்கினு இருந்துச்சு. இப்ப புது எண்ணெ வாங்கிச் சுட வேண்டியதா கீது. பஜ்ஜி வெல ஏத்துனா எவன் துன்றான்?"

எங்கள் ஆலை வாசலில் எழுதி வைத்திருப்பதைவிட அந்த மனிதர் திட்டியதுதான் எனக்குச் சரியான சான்றிதழாகப் பட்டது. அவருடைய பஜ்ஜியை ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று, புது எண்ணெய் வாசனையோடு இருந்தது.

திரும்பும்போது ஆவடியில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறிவிட்டேன். அது விரைவு ரயிலாம். கொரட்டூரைக் கண்முன்னால் கடந்துபோய்ப் பெரம்பூரில் இறக்கிவிட்டது. என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், கொரட்டூருக்கு என்றால் எல்லாவற்றிலும் ஏறக்கூடாது, கேட்டு ஏற வேண்டும் என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி புத்தி சொன்னார். மறுபடி எதிர்த்திசை ரயில் பிடித்து அறைக்கு வந்துசேர்ந்தபோது மேலாளரை அழைக்கவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது.

மெஹரைப் பற்றிச் சொன்னேன். ஒரு சொம்பு என்றேன். இத்தனை பெரிய டிரம்முக்கு ஒரு சொம்பு, அதுவும் தன் வீட்டுப் பங்கு, அதுவும் இலவசம். நிறுத்தச் சொன்னால் நாளைக்கே நிறுத்திவிடுவார் என்றேன்.

"ஆறு வருடம் கலந்திருக்கிறார்கள். இந்த அம்மா பெயரில் வந்த பழைய சரக்கு எல்லாம் கேள்விக்குள்ளாகும். கொள்கை என்று ஒன்று இருக்கிறது" என்றார்.

"அம்பத்தூரில் முழு டிரம்மும் புது எண்ணெய்."

"அது உங்கள் ஊகம். இது அவர்களே ஒப்புக்கொண்டது."

"சோடாவுக்குப் போகும் வாயுவைப் புதைத்ததாக எழுதுகிறோமே, அது?"

"அது இடைக்கால ஏற்பாடு" என்றார். பிறகு அன்பாகவே, எனக்கு ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் என்று விசாரித்தார்.

மூன்று வருடம். அவருக்குத் தெரியாதது இல்லை.

படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்காவது கேள்வியில் 'இல்லை' என்று குறித்திருக்கலாம். பார்த்தவள் நான் ஒருத்திதான், தவறாகப் புரிந்துகொண்டேன் என்று மேலாளரிடம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். 'ஆம்' என்று குறித்தேன். நேர்மை என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். எனக்குத் தெரியும், அது பயம். மெஹர் இதே பெருமையோடு அடுத்து வருகிறவர்களிடமும் சொல்லுவார், நான் மறைத்தது வெளியே வரும் என்ற பயம். பிறகு கார்த்திக்கின் கோப்பைத் திறந்தேன். நாற்பது கேள்விக்கும் அங்கே தாள் இருந்தது. குறிப்பு எழுத அடியில் இரண்டு வரி இடமும் இருந்தது. அண்டாக்களைப் பற்றி எழுதினேன். மறுநாள் காலை பார்த்தபோது கோப்பு 'ஏற்கப்பட்டது' என்று இருந்தது. என் இரண்டு வரியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள், புடவைக் கடைக்கு ஒதுக்கிவைத்திருந்த காலையில் பூந்தமல்லிக்குப் போனேன். கடிதம் வந்து தெரிந்துகொள்வதைவிட என் வாயால் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இதுகூட அவருக்காக இல்லை, என் மனசாட்சிக்கு ஒரு சப்பைக்கட்டு.

நான்கு பெண்களும் அப்போதுதான் தூக்குப்பாத்திரங்களோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மெஹர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நின்றுகொண்டே சொன்னேன். பட்டியலில் இல்லை. இந்த மாதச் சரக்கோடு சரி. அந்த ஒரு சொம்புதான் காரணம்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பெண்களைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் நில்லுங்கடி என்றார். அவர்கள் பாத்திரங்களைக் கீழே வைத்தார்கள்.

"நான் நிறுத்திடறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"குறைச்சுக் குடுத்து மாட்டிக்கினு இருந்தா எனக்குக் கேக்க வாயில்ல. நான் மேல ஊத்தித்தானே குடுத்தேன்."

"ஆமாம்."

யூசுப் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மெஹர் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அவர் எதையோ கூட்டிப் பார்ப்பது கண்ணில் தெரிந்தது.

"நான் உங்ககிட்ட சொல்லாம இருந்திருந்தா, டெஸ்ட்டுல தெரிஞ்சிருக்குமாம்மா?"

ஒரு சொம்பு எந்தச் சோதனையிலும் தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரிந்திருக்காது."

மெஹர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஓட்டல் எண்ணெய் இனிமேல் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெண்களில் ஒருத்தி மட்டும், "தள்ளுவண்டிக்காரன் இன்னிக்கே போயி நிப்பான் அக்கா" என்றாள்.

மெஹர் கணவரிடம் திரும்பினார். என்னைப் பார்க்காமல், கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில், வீட்டு வேலையைப் பிரித்துக் கொடுப்பதுபோலச் சொன்னார்.

"வேற எந்தக் கம்பெனிலேர்ந்தாவது ஆளு வந்தா இனிமே நீயே பேசு. இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லு. நான் உள்ளயே இருந்துக்கறேன்."

யூசுப் சரி என்றார். நான்கு பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஐந்து நாள் கேள்வி கேட்டுத் திரிந்ததில், அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் நான் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு 'இல்லை' மட்டும்தான்.